பழைய புரோகிராம் ஓடவில்லை என்றால் தவறு யாருடையது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நேற்று வரை நன்றாக ஓடிய புரோகிராம், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அப்டேட் செய்த பிறகு ஓட மறுக்கிறது. புரோகிராமில் நான் எதையும் மாற்றவில்லையே, ஏன்?" என்பதுதான் அந்தக் கேள்வி. வைரஸ் வந்துவிட்டதோ, ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டதோ, தெரியாமல் எதையாவது அழுத்திவிட்டோமோ என்றெல்லாம் பயந்து போகிறார்கள். பல சமயங்களில் இவை எதுவுமே காரணமாக இருப்பதில்லை. புரோகிராம் அப்படியேதான் இருக்கிறது. அது நம்பியிருந்த வேறொன்று மாறியிருக்கிறது.

இதனைப் புரிந்து கொள்ள லினக்ஸ் உலகில் 2003 ஆம் ஆண்டு நடந்த ஒரு மாற்றத்தைப் பார்க்கலாம். விண்டோஸ் பயன்படுத்துபவர்கள் "இது நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் உள்ள பாடம் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். நானும் அந்த மாற்றத்தில் மாட்டிக் கொண்டு விழித்தவன் என்பதால், என் கருத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் மூன்று சொற்கள்

புரோகிராமை எழுதுபவர் மனிதர் படிக்கக்கூடிய வரிகளாக எழுதுகிறார். இது சோர்ஸ் கோட். கம்ப்யூட்டருக்கு இது நேரடியாகப் புரியாது. எனவே கம்பைலர் என்ற சாப்ட்வேர் மூலம் இயந்திர மொழிக்கு மாற்றுகிறார்கள். இப்படி மாற்றப்பட்ட பைல் பைனரி எனப்படும். நாம் சிடியிலோ டவுன்லோட் செய்தோ பெறுவது பெரும்பாலும் இந்தப் பைனரிதான். மாவு கையில் இருந்தால் உப்பைக் கூட்டலாம், தண்ணீர் சேர்க்கலாம். சுட்ட தோசையில் எதையும் திருத்த முடியாது. சோர்ஸ் கோட் மாவு என்றால் பைனரி சுட்ட தோசை.

அடுத்தது லைப்ரரி. பைலைத் திறப்பது, எழுத்துகளைத் திரையில் காட்டுவது போன்ற பொதுவான வேலைகளை ஒவ்வொரு புரோகிராமும் தனித்தனியாக எழுதிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. இவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்து எல்லாப் புரோகிராம்களும் பங்கிட்டுக் கொள்கின்றன. விண்டோஸில் டிஎல்எல் பைல்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை இத்தகைய லைப்ரரிகளே. லினக்ஸில் ஏறக்குறைய எல்லாப் புரோகிராம்களும் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரிக்கு ஜிலிப்சி என்று பெயர்.

மூன்றாவது த்ரெட். ஒரே புரோகிராம் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கும். நீங்கள் டைப் செய்து கொண்டிருக்கும்போதே பின்னணியில் பைலைச் சேமிக்க வேண்டும். பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டைத் தேட வேண்டும். கல்யாணச் சமையல் கூடத்தில் ஒருவர் சாம்பாரையும் இன்னொருவர் பாயசத்தையும் கவனிப்பது போல, புரோகிராமுக்குள் ஒவ்வொரு வேலையைக் கவனிக்கும் ஆளை த்ரெட் எனலாம்.

மாற்றம் ஏன் வந்தது?

லினக்ஸில் த்ரெட்களைக் கையாள முதலில் பரவலாகப் பயன்பட்டது லினக்ஸ் த்ரெட்ஸ் என்ற லைப்ரரி. பிரான்ஸ் நாட்டின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சேவியர் லெராய் 1996-ல் இதனை உருவாக்கினார். அன்றைய லினக்ஸ் கெர்னலில் த்ரெட்களுக்கென்று இருந்த வசதிகள் மிகக் குறைவு. இருப்பதை வைத்துக் கொண்டு அவர் செய்தது பெரிய வேலை. பல ஆண்டுகள் லினக்ஸ் உலகம் இதை வைத்தே ஓடியது.

ஆனால் அதில் சில குறைகள் இருந்தன. ஒரே புரோகிராமின் ஒவ்வொரு த்ரெட்டும் கெர்னலுக்குத் தனிப் புரோகிராம் போலவே தெரிந்தது. ஓடும் புரோகிராம்களின் பட்டியலைக் கேட்டால் ஒரே பெயர் பத்துப் பதினைந்து முறை வரும். த்ரெட்கள் எப்படி நடந்து கொள்ள வேண்டும் என்று போசிக்ஸ் என்ற பொதுத் தரம் சொல்லும் பல விதிகளை லினக்ஸ் த்ரெட்ஸால் பின்பற்ற முடியவில்லை. த்ரெட்களின் எண்ணிக்கை கூடினால் வேகமும் படுத்துவிடும்.

இதற்கு மாற்றாக ரெட் ஹேட் நிறுவனத்தின் உல்ரிச் டிரெப்பர், இங்கோ மோல்னார் இருவரும் 2002 செப்டம்பரில் புதிய லைப்ரரி ஒன்றை அறிவித்தார்கள். அதன் பெயர் நேட்டிவ் போசிக்ஸ் த்ரெட் லைப்ரரி, சுருக்கமாக என்.பி.டி.எல். கெர்னலையும் இதற்கேற்ப மாற்றினார்கள். ஒரு லட்சம் த்ரெட்களைத் தொடங்கி முடிக்கும் சோதனையில் பழைய முறைக்குச் சுமார் 15 நிமிடம் பிடித்தது. புதிய முறைக்கு 2 விநாடி போதுமாக இருந்தது. 2003 மார்ச் 31 அன்று வெளியான ரெட் ஹேட் லினக்ஸ் 9 தொகுப்பில் இது சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 2.6 கெர்னல் இதற்கான வசதிகளுடனேயே வந்தது.

எனவே மாற்றம் தேவையற்றது என்று நான் சொல்ல மாட்டேன். வந்தே ஆக வேண்டிய மாற்றம் அது. சிக்கல் எங்கே வந்தது என்றால், ஏற்கனவே சுட்டு வைத்திருந்த தோசைகளில்.

வாசல் பலகையும் சொந்தப் பலகையும்

மறுபடி சமையல் கூடத்துக்கு வருவோம். வேலையில் ஏதாவது தவறு நடந்தால் என்ன தவறு என்று எழுதி வைக்க ஒரு பலகை இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் மட்டுமே சமைக்கும் வரை வாசலில் ஒரு பலகை போதும். பத்துப் பேர் சமைக்கும்போது ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடுவார். எனவே ஒவ்வொருவருக்கும் சொந்தப் பலகை வேண்டும். "என் பலகை எங்கே?" என்று மேற்பார்வையாளரைக் கேட்டால் அவர் காட்டுவார்.

கம்ப்யூட்டரில் இந்தப் பலகைக்கு எர்நோ என்று பெயர். பிழை எண்ணை எழுதி வைக்கும் இடம் அது. லைப்ரரியுடன் வரும் பைலைச் சேர்த்து, அது காட்டும் வழியில்தான் எர்நோவைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது விதி. ஆனால் பழைய நாட்களில் பழகிய பலர், "பலகை வாசலில்தானே இருக்கிறது" என்று இடத்தைத் தாங்களே புரோகிராமில் எழுதிவிட்டார்கள். லினக்ஸ் த்ரெட்ஸ் காலத்தில் முதல் த்ரெட்டின் பலகை உண்மையிலேயே வாசலில் இருந்ததால் இந்தத் தவறு வெளியே தெரியவில்லை. புதிய ஏற்பாட்டில் வாசல் பலகையை எடுத்துவிட்டு, முதல் ஆள் உட்பட எல்லாருக்கும் அவரவர் இடத்திலேயே பலகை கொடுத்தார்கள். வாசலைப் பார்த்தே பழகிய பைனரிகள் தடுமாறின. எர்நோவை நேரடியாகத் தொடும் தவறான பைனரி இது, இதைச் சரி செய்ய வேண்டும் என்ற பொருளில் ஒரு எச்சரிக்கை அப்போது பலருடைய திரையில் வந்தது.

இன்னொரு வகைத் தடுமாற்றமும் உண்டு. லினக்ஸ் த்ரெட்ஸில் ஒவ்வொரு த்ரெட்டும் தன் புரோகிராம் எண்ணைக் கேட்டால் வேறு வேறு எண் கிடைக்கும். பொதுத் தரத்தின்படி இது தவறு. ஆனால் இந்தத் தவறையே வசதியாக எடுத்துக் கொண்டு, அந்த எண்ணை வைத்தே த்ரெட்களை அடையாளம் கண்ட புரோகிராம்கள் இருந்தன. என்.பி.டி.எல். தரத்தின்படி எல்லா த்ரெட்களுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்ததும் அவை குழம்பிப் போயின. பழைய ஜாவா இயக்கத் தொகுப்புகள் சிலவும் புதிய லைப்ரரியுடன் ஒத்துப் போகவில்லை.

என் வீட்டுக் கணக்கு

என்னிடம் அப்போது வீட்டுக் கணக்கு எழுதும் புரோகிராம் ஒன்று இருந்தது. காசு கொடுத்து சிடியாக வாங்கியது. பைனரி மட்டுமே, சோர்ஸ் கோட் கிடையாது. பால் பாக்கி முதல் பள்ளிக் கட்டணம் வரை மூன்று ஆண்டுக் கணக்கு அதில் இருந்தது. புதிய லினக்ஸ் தொகுப்புக்கு மாறியதும் புரோகிராம் திறந்தது; கணக்குப் பைலைத் திறக்கச் சொன்னால் அப்படியே உறைந்து நின்றது. விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன். "அந்தப் பதிப்புக்கு இப்போது ஆதரவு இல்லை" என்று பதில் வந்தது.

புரோகிராம் போனால் வேறு வாங்கிக் கொள்ளலாம். என் கவலை கணக்கைப் பற்றியது. அந்தப் பைலை வேறு எந்தப் புரோகிராமாலும் படிக்க முடியாது. என் வீட்டுச் செலவு, என் ஹார்ட் டிஸ்க்கில், என்னால் பார்க்க முடியாமல் கிடந்தது.

நல்லவேளையாக லைப்ரரியை மாற்றியவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். புதிய லைப்ரரியை டிஎல்எஸ் என்ற துணைப் போல்டரில் வைத்து, பழைய லினக்ஸ் த்ரெட்ஸையும் பக்கத்திலேயே விட்டிருந்தார்கள். எல்.டி. அஸ்யூம் கெர்னல் என்ற பெயருக்கு 2.4.1 என்று மதிப்பைக் கொடுத்துப் புரோகிராமை ஓட்டினால், "நீ பழைய கெர்னலில் இருப்பதாக நினைத்துக் கொள்" என்று அர்த்தம். கம்ப்யூட்டர் பழைய லைப்ரரியை எடுத்துக் கொடுக்கும். ஒரே வரிதான். என் கணக்குப் பைல் திறந்து கொண்டது. அன்றைக்கே எல்லாவற்றையும் சாதாரண டெக்ஸ்ட் பைலாக எடுத்து சிடியில் எழுதி வைத்தேன்.

கட்டு போட்ட இடத்தில் புண்

நான் செய்த அந்த ஒரு வரி வைத்தியத்தையே பல நிறுவனங்களும் செய்தன. புரோகிராமைத் திருத்துவதற்குப் பதிலாக, அதைத் தொடங்கும் ஸ்கிரிப்ட் பைலில் இந்த வரியைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

2006 மார்ச்சில் ஜிலிப்சி 2.4 வந்தது. அதில் லினக்ஸ் த்ரெட்ஸ் இல்லை. இப்போது அந்த வரி என்ன செய்யும்? பழைய லைப்ரரியைத் தேடும், கிடைக்காது. அடிப்படை லைப்ரரியே இல்லை என்று பிழைச் செய்தி வரும். அந்த ஸ்கிரிப்ட்டில் அதற்குப் பின் வரும் சாதாரணக் கட்டளைகள் கூட ஓடாது. 2007-ல் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 5-ல் ஆரக்கிள் 10ஜி தொகுப்பின் கிளஸ்டர் பகுதியை நிறுவியவர்கள், சில ஸ்கிரிப்ட்களைத் திறந்து இந்த வரியைக் கையால் நீக்க வேண்டியிருந்தது. புரோகிராமை ஓட வைக்கச் சேர்த்த வரியே மூன்று நான்கு ஆண்டுகளில் அதை ஓடவிடாமல் தடுத்தது.

சுமை யார் தலையில்?

லைப்ரரியை எழுதியவர்களைக் கேட்டால், "விதியை மீறியது புரோகிராம்கள்தான்" என்பார்கள். உண்மைதான். இரண்டு லைப்ரரிகளை என்றென்றும் பராமரிப்பது எளிதல்ல என்பார்கள். அதுவும் உண்மை. ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு இடத்தில் செய்து, இரண்டையும் சோதிக்க வேண்டும்.

நான் கேட்பது வேறு கேள்வி. தவறு செய்தவர் புரோகிராம் எழுதியவர். மாற்றம் செய்தவர் லைப்ரரி எழுதியவர். கணக்குப் பைலைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர் யார்? இரண்டிலும் சம்பந்தமில்லாத, காசு கொடுத்து வாங்கியவர். "எர்நோவை நேரடியாகத் தொடாதே" என்ற எச்சரிக்கை அவருடைய திரையில் வந்து என்ன பயன்? அதைச் சரி செய்யத் தேவையான சோர்ஸ் கோட் அவரிடம் இல்லை. இருப்பவர் கண்ணில் அந்தச் செய்தி படவே இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அதே 2003-ல் லினக்ஸ் தொகுப்புடன் வந்த நூற்றுக்கணக்கான இலவசப் புரோகிராம்கள் எந்தச் சத்தமும் இல்லாமல் புதிய லைப்ரரிக்கு மாறின. அவற்றின் சோர்ஸ் கோட் எல்லாருக்கும் கிடைத்ததால், தொகுப்பைத் தயாரித்தவர்களே திருத்தி மறுபடி கம்பைல் செய்துவிட்டார்கள். பயன்படுத்தியவர்களுக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. வீட்டில் இருப்பவருக்குக் கம்பைல் செய்யத் தெரிய வேண்டியதில்லை. செய்யத் தெரிந்த யாராவது ஒருவரிடம் மாவு இருந்தால் போதும்.

எனவே என் கருத்து இதுதான். பைனரி மட்டும் விற்கும் நிறுவனம், அதை வாங்கியவர் பயன்படுத்தும் வரை அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். முடியாது என்றால், பயனாளரின் தகவல்களைப் பொதுவான வடிவில் எடுத்துக் கொள்ளவாவது வழி தர வேண்டும். லைப்ரரி எழுதுபவர்கள் பழைய பாதையை மூடலாம். ஆனால் எந்தத் தேதியில் மூடுகிறோம் என்று சாதாரண மனிதருக்குப் புரியும்படி முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இது நடக்க முடியாத ஆசை அல்ல. 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34-ல் த்ரெட் லைப்ரரி என்ற தனிப் பைலையே எடுத்துவிட்டு, அதன் வேலைகளை அடிப்படை லைப்ரரிக்குள் சேர்த்துவிட்டார்கள். 2003-ஐப் போலவே பெரிய மாற்றம் அது. ஆனால் இந்த முறை பழைய பெயரில் ஒரு பைலை அப்படியே விட்டு வைத்தார்கள். பழைய பைனரி அந்தப் பெயரைத் தேடி வந்தால் கிடைக்கிறது; வழக்கம்போல் ஓடுகிறது. மனம் வைத்தால் பழையவர்களையும் அழைத்துக் கொண்டு போகலாம் என்பதற்கு இதுவே சாட்சி. எதிர்த் திசையில் மட்டும் உதவி இல்லை: 2.34-ஐ வைத்துக் கம்பைல் செய்த புதிய பைனரியை அதற்கு முந்தைய லினக்ஸில் ஓட்டினால், பெரும்பாலும் அந்தப் பதிப்பு இல்லை என்ற பிழைச் செய்திதான் வரும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

மற்றவர்கள் பொறுப்பேற்கும் வரை நாம் காத்திருக்க முடியாது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கீழ்க்கண்டவற்றைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

1. எந்தப் புரோகிராமையும் வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் நான் பதிவு செய்வதை டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வி பைலாக வெளியே எடுக்க முடியுமா?" முடியாது என்றால் அதில் முக்கியமானவற்றை எழுதி வைக்காதீர்கள்.

2. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் புதிய பதிப்புக்கு மாறும் முன், பழைய புரோகிராம் ஓடிக் கொண்டிருக்கும்போதே தகவல்களை வெளியே எடுத்து பேக்கப் செய்துவிடுங்கள். மாறிய பிறகு எடுக்கலாம் என்று நினைத்தால் என் கதைதான். பாதுகாப்புக்கான வழக்கமான அப்டேட்களை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

3. விண்டோஸில் பழைய புரோகிராம் தகராறு செய்தால், அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் சென்று, கம்பாட்டிபிலிட்டி டேபில் பழைய விண்டோஸ் பதிப்பைத் தேர்வு செய்து பாருங்கள். பல புரோகிராம்கள் இதிலேயே ஓடிவிடும்.

4. ஏதோ ஒரு டிஎல்எல் பைல் இல்லை என்று செய்தி வந்தால், அந்தப் பைலைக் கண்ட கண்ட தளங்களிலிருந்து இறக்க வேண்டாம். அதனுடன் வைரஸும் வரலாம். விஷுவல் சி பிளஸ் பிளஸ் சம்பந்தப்பட்ட பைல் என்றால், மைக்ரோசாப்ட் தளத்திலேயே அதற்கான முழுத் தொகுப்பும் இலவசமாகக் கிடைக்கிறது.

5. லினக்ஸில் பிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் போன்ற வடிவங்களில் புரோகிராம்கள் கிடைக்கின்றன. தமக்கு வேண்டிய லைப்ரரிகளில் பெரும்பாலானவற்றை இவை தம்முடன் கொண்டு வருவதால் இந்தத் தொல்லை குறைவு. ஹார்ட் டிஸ்க்கில் இடம் கூடுதலாகப் பிடிக்கும்.

6. எதற்கும் மசியாத பழைய புரோகிராமுக்குக் கடைசி வழி, விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச சாப்ட்வேர் மூலம் கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை நிறுவி, அதில் ஓட்டுவது. அந்தப் பழைய சிஸ்டத்தை மட்டும் இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள்.

7. இன்ஸ்டால் செய்யும் சிடி, டவுன்லோட் செய்த பைல், சீரியல் எண் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்திருங்கள். எந்தப் பதிப்பில் நன்றாக ஓடியது என்பதையும் அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

இவற்றில் ஒன்றை மட்டும்தான் இன்று செய்ய நேரம் இருக்கிறது என்றால், இரண்டாவதைச் செய்யுங்கள். என் வீட்டின் அந்த மூன்று ஆண்டுக் கணக்கு இன்றும் டெக்ஸ்ட் பைலாக என்னிடம் இருக்கிறது. எழுதிய புரோகிராம் போய்விட்டது. விற்ற நிறுவனத்தின் முகவரியும் மறந்துவிட்டது. 2001-ல் பால் என்ன விலை என்று யாராவது கேட்டால் மட்டும் உடனே திறந்து சொல்லிவிடுவேன்.